பொன்னூர் மலையில் இரண்டு பாதங்கள்

வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் பத்துக் கிலோமீட்டருக்குள் பொன்னூர் மலை வந்துவிடும். மலை என்று பெயரே தவிர, பெரிய உயரமில்லை. வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் வயதானவர்களும் மெல்ல மெல்லப் படியேறிவிடுகிறார்கள். ஏறிப் போனவர்கள் அங்கே கும்பிடுவது ஒரு முகத்தை அல்ல. பாறையில் செதுக்கிய இரண்டு பாதங்களை. நான் போன காலையில் அவற்றின்மேல் நாலைந்து பூக்கள் கிடந்தன. எனக்கு முன்னால் ஏறிய பெரியவர் ஒருவர் மடியிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார். நெற்றி பாறையில் படும்படி குனிந்து வணங்கினார். பிறகு எழுந்து, கீழே விரிந்து கிடந்த நெல்வயல்களையும் ஏரிகளையும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

அந்தப் பாதங்கள் ஆசாரிய குந்தகுந்தருடையவை என்பது சமணர் மரபு. சமயசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம், நியமசாரம் என்று பிராகிருத மொழியில் அவர் எழுதியவற்றை இந்தியா முழுவதும் திகம்பர சமணர்கள் இன்றும் ஓதுகிறார்கள். மங்கலம் சொல்லும்போது மகாவீரருக்கும் கௌதமருக்கும் அடுத்து அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். தமிழ்ச் சமணர்களுக்கு அவர் ஏலாசாரியர். திருக்குறளை இயற்றியவர் அவரே, அதைத் தம் மாணாக்கராகிய வள்ளுவரின் கையில் கொடுத்து மதுரைச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த அ. சக்கரவர்த்தி நயினார் இதை விரிவாக எழுதி வாதிட்டார். ஏற்காத அறிஞர்களும் பலர் உண்டு.

அந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுத இந்தக் கட்டுரை புறப்படவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது மனத்தில் நின்றது வேறொன்று. தமிழகமே வள்ளுவருக்கு முகம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், வந்தவாசிப் பக்கத்துக் குடியானவர்கள் அவர் குருவின் பாதத்தோடு நிறைவு கொண்டிருக்கிறார்கள்.

முகமும் அடியும்

முகம் தேடியதில் தவறில்லை. கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த வள்ளுவர் படம் 1964இல் சட்டப்பேரவையில் திறக்கப்பட்டது. பிறகு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அந்த முகம் இடம்பெற்றது. பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு குறள். 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் கன்னியாகுமரிக் கடல் நடுவே 133 அடிச் சிலை எழுந்தது. ஒரு சமூகம் தன் அறநூலை இந்த அளவுக்குக் கண்முன் வைத்துக்கொண்டிருப்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால், முகம் என்று ஒன்று வந்துவிட்டால், அது யாருடைய முகம் என்ற சண்டையும் வந்துவிடுகிறது. அவர் எந்தச் சமயம், ஆடை என்ன நிறம், நெற்றியில் என்ன இருந்தது என்றெல்லாம் வழக்காடுகிறோம். அந்த வழக்கில் ஜெயித்தவர்களோ தோற்றவர்களோ மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட நல்லவர்களாக எழுந்ததாகத் தெரியவில்லை.

குறளின் முதல் அதிகாரத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கடவுள் வாழ்த்தின் பத்துக் குறள்களில் ஏழு, இறைவனின் அடியை அல்லது தாளைச் சொல்கின்றன. இன்னொன்று, அவன் காட்டிய ஒழுக்க நெறியில் நிற்பவர்களைச் சொல்கிறது. கண்ணோ நிறமோ கையில் ஏந்திய ஆயுதமோ எதிலும் இல்லை. தொழுவதற்கு ஓர் அடி, நிற்பதற்கு ஒரு நெறி. இவ்வளவையும் வைத்துவிட்டுத்தான் நூல் மழைக்கும், துறந்தவர்களுக்கும், இல்வாழ்க்கைக்கும் போகிறது. பொன்னூர் மலையில் நான் பார்த்தது அந்த அதிகாரத்தையே கல்லில் வெட்டி வைத்ததுபோல் இருந்தது.

தமிழில் குணம் நடக்கும்

நம் மொழியும் இதையே சொல்கிறது. ஒருவரின் குணத்தைப் பற்றிப் பேச நாம் எடுக்கும் சொற்களைக் கவனியுங்கள். நடத்தை என்கிறோம், அது நடப்பதிலிருந்து வந்தது. நெறி என்றாலும் வழி என்றாலும் பாதைதான். ஒழுக்கம் என்ற சொல் ஒழுகுவதிலிருந்து வந்தது. தண்ணீர் ஒழுகுவதைப்போல இடைவிடாமல், ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பது. எப்போதாவது ஒருநாள் கொட்டும் மழைக்கு ஒழுக்கம் என்ற பெயரில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போதுகூட, “அவங்க நடந்துக்கறது எப்படி?” என்றுதானே கேட்கிறோம்? அவர்கள் நம்புவது என்ன, படித்தது என்ன என்பதெல்லாம் அப்புறம்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். பண்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் பழக்கத்தைக் குறிக்கும் சொல்லும் நெருங்கிய உறவுடையவை என்று அவர் எடுத்துக்காட்டினார். வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கொத்தனார் ஆவதுபோல, நேர்மையானவற்றைச் செய்து செய்தே நேர்மையானவர் ஆகிறார் என்பது அவர் கருத்து. நல்லவனாக ஆன பிறகு நல்லதைச் செய்யலாம் என்று காத்திருப்பவன், நீச்சல் தெரிந்த பிறகே கிணற்றில் இறங்குவேன் என்று கரையில் உட்கார்ந்திருப்பவனைப் போன்றவன்.

கிணற்றுக்குத் திரும்பும் தண்ணீர்

பொன்னூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர்கள் ஏறக்குறைய 89 ஆயிரம் பேர். வடக்கிலிருந்து வணிகத்துக்காக வந்து குடியேறியவர்களும் இதில் அடக்கம். தமிழைத் தாய்மொழியாகவும் உழவைத் தொழிலாகவும் கொண்டு வாழ்ந்துவந்த நயினார்கள் அதில் ஒரு பகுதிதான். நாலடியாரும் பழமொழி நானூறும் சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் சமணர் தமிழுக்குக் கொடுத்தவை. அறநூல்களில் பலவற்றைத் தந்த மரபு, எண்ணிக்கையில் இன்று ஒரு சிறு நகரத்துக்குள் அடங்கிவிடும்.

நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பகல் தங்கினேன். அவருடைய பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கொல்லைக் கிணற்றிலிருந்து பேரன் இறைத்துக் கொடுத்த தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் ஊற்றினார். குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தண்ணீர் இறங்கி முடிந்ததும் துணியை அவிழ்த்தார். பிழியவில்லை. அடிப்பக்கம் மேலே வரும்படி ஒரு வாளியின் மேல் பிடித்து, வடிகட்டிய தண்ணீரிலேயே ஒரு செம்பு மொண்டு அதன்மேல் ஊற்றி மெதுவாக அலசினார். பிறகு அந்த வாளியைக் கயிற்றில் கட்டி, தண்ணீர் மட்டம் வரைக்கும் இறக்கச் சொல்லி, சத்தமில்லாமல் சாய்க்கச் சொன்னார்.

“ஏன் பாட்டி, இப்படிச் செடிக்கு ஊத்தினா ஆகாதா?” என்று கேட்டேன்.

“அதுங்க தண்ணியில பொறந்ததுங்கப்பா. தரையில ஊத்தினா செத்துப்பூடும். எங்கேருந்து எடுத்தோமோ அங்கேயே வுட்டுடணும்” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத உயிருக்காக எண்பது வயதுக் கைகள் நாள்தோறும் இவ்வளவு பொறுமையாக வேலை செய்கின்றன. பார்த்துப் பாராட்ட ஆளில்லை. தவறினால் தண்டிக்கவும் ஆளில்லை. அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, அவர் சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்துவிட்டார். இரவு உண்ணாமை அந்த வீட்டில் விரதநாள் வழக்கம் அல்ல. எல்லா நாளும் அப்படித்தான். பேரனும் பேத்திகளும் அந்த நேரத்தை இப்போது கடைப்பிடிப்பதில்லை. பாட்டி அதைப் பற்றி ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

சமண மரபு அறத்தை இரண்டு அளவாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, காமத்தை அடக்குதல், மிகுபொருள் விரும்பாமை என்று ஐந்து நோன்புகள். துறவி இவற்றை முழுதாக ஏற்கிறார், அது மகாவிரதம். இல்லறத்தார் தம்மால் முடிந்த அளவில் ஏற்கிறார்கள், அது அணுவிரதம். அணு என்றால் சிறியது. இந்தச் சிறுமையில்தான் பெரிய அறிவு இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மில் பலர் நல்லவர்களாக முயன்று தோற்பது, எடுத்துக்கொண்ட சுமை பெரிதாக இருப்பதால்தான். தை முதல் நாளில் ஊரைத் திருத்தும் சபதம் எடுக்கிறோம். மாசி பிறக்கும்போது அது நினைவிலேயே இல்லை. பாட்டியோ ஒரு துணியையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டார். அறுபது எழுபது ஆண்டுகளாக அதை விடவில்லை.

ஏர் பிடித்தவரின் அகிம்சை

இங்கே ஒரு கேள்வி எழும். கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்டவர்கள் ஏர் பிடிக்கலாமா? கொழு இறங்கும் இடமெல்லாம் மண்புழு சாகுமே? வெறும் வாதத்துக்காகக் கேட்கப்படுவதல்ல இது. பொன்னூர்ப் பக்கத்து உழவர்கள் தினமும் சந்திப்பது. மரபு இதற்கு நேர்மையாக விடை சொல்லியிருக்கிறது. உயிர்க்கொலையை அது நான்காகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே செய்வது ஒன்று. அடுப்பெரிப்பது, வீடு பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஒன்று. உழவு முதலான தொழிலில் நேர்வது ஒன்று. தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது ஒன்று. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் கூடியவரை குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

முழுத் தூய்மை முடியாது என்பதற்காக முயற்சியைக் கைவிடவும் கூடாது. கொஞ்சம் முயன்றுவிட்டதற்காகத் தன்னைத் தூயவன் என்று எண்ணிக்கொள்ளவும் கூடாது. பெரும்பாலான அறப்பேச்சு இந்த இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுந்துவிடுகிறது. “உலகமே அப்படித்தான் இருக்கு, நாம மட்டும் என்ன செய்யறது?” என்பது ஒரு பள்ளம். “நான் அந்த மாதிரி ஆளில்லை” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அளந்து அளந்துதான் அதில் கால் வைக்க முடியும்.

பக்கத்து ஊரான ஆரணியை எடுத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வீடுகளில் தறிச் சத்தம்தான் சோறு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் கொதிநீரில் வேகின்றன என்பதும் உண்மை. நெசவாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அறமாகாது. வாங்குகிற நம்மிடம்தான் கேள்வி இருக்கிறது: பீரோவில் எத்தனை சேலை போதும்? ஐந்தாவது நோன்பான மிகுபொருள் விரும்பாமை கேட்பதும் இதைத்தான். பொருளே வேண்டாம் என்று அது இல்லறத்தாரிடம் சொல்லவில்லை. நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, துணி இவ்வளவு என்று அவரவரே ஓர் அளவு குறித்துக்கொண்டு, அதற்குமேல் வருவதைக் கொடுத்துவிடச் சொல்கிறது. எல்லையை அரசு போடவில்லை; அண்டை வீட்டாரும் போடவில்லை. தானே போட்டுக்கொண்டு தானே காவலிருக்க வேண்டும்.

தறியில் உட்காருபவருக்கும் இதே சோதனை உண்டு. சரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்தின் விளக்கில் எல்லாச் சரிகையும் ஒரே மாதிரிதான் மின்னும். வித்தியாசம் தெரிந்தவர் செய்தவர் ஒருவரே. யாருக்கும் தெரியாத அந்த இடத்தில்தான் ஒருவரின் குணம் உருவாகிறது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் நாம் காட்டுவது, பெரும்பாலும் ஏற்கெனவே உருவாகிவிட்ட குணத்தைத்தான்.

பாய்க்கடையில்

பாடப்புத்தகத்தில் வந்தவாசி என்றால் 1760. அந்த ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி இங்கே அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. மறு ஆண்டே புதுச்சேரி விழுந்தது. தென்னிந்தியாவை ஆளப்போவது யார் என்று முடிவானது. தோற்ற லாலியை 1766இல் பாரிசில் சிரச்சேதம் செய்தார்கள். இன்றைக்கு இந்த ஊரின் பெயரை வீடுதோறும் கொண்டுபோவது பீரங்கி அல்ல, கோரைப்பாய்.

பாய் நெய்வதும் விற்பதும் இங்கே பல முஸ்லிம் குடும்பங்களின் தொழில். கடைத்தெருவில் ஒரு சிறிய கடைக்குப் போனேன். சிவப்பும் பச்சையும் கரை போட்ட ஒரு பாய் பிடித்திருந்தது. விலை பேசி முடிந்துவிட்டது, பணத்தை நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை. சுருட்டி வைத்த பாயைத் திரும்பவும் தரையில் விரித்தார். புரட்டிப் போட்டு ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“அண்ணே, இங்க பாருங்க. ஒரு சாண் நீளத்துக்கு நூல் தளர்ந்திருக்கு. நாளாவட்டத்துல கோரை பிரிய ஆரம்பிக்கும். வேற எடுத்துத் தரட்டுமா?”

“நான் கவனிக்கவே இல்லையே பாய். சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“நாளைக்கு விரிச்சுப் படுக்கும்போது தெரியத்தானே போவுது. அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேனே, மாத்திக் குடுக்க.”

அவர் பெரிய செய்தி எதையும் சொல்லவில்லை. பாய்களை எடுத்துக் காட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார். புறப்படும் முன் புரட்டிக் காட்டுவது அவர் கைக்கு வந்துவிட்ட பழக்கம். அதுதான் என்னைத் தொட்டது. யோசித்து, தன்னோடு போராடி, கடைசியில் உண்மையைச் சொல்வது உயர்ந்ததுதான். யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் கை தானாகப் பாயைப் புரட்டுவது அதைவிட உயர்ந்தது. நீரை வடிகட்டும் பாட்டியும் பாயைப் புரட்டும் கடைக்காரரும் வேறு வேறு வேதம் ஓதுகிறவர்கள். நடை ஒன்றாக இருக்கிறது. இலங்கையில் சிவனொளிபாத மலையின் உச்சியில் இருக்கும் ஒரே பாதத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், சைவர்கள் சிவனுடையது என்கிறார்கள், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமுடையது என்கிறார்கள். நான்கு தரப்பும் ஒரே படிகளில்தான் ஏறுகின்றன.

நாளுக்கு ஓர் அறம்

அறத்தைப் பழக்கமாக்குவது எப்படி? சமணர்கள் இதற்கு நாட்காட்டியிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆவணி, புரட்டாசியையொட்டி வரும் தசலட்சண பருவம் பத்து நாள் நோன்பு. நாளுக்கு ஓர் அறம்: பொறுமை, பணிவு, நேர்மை, மனத்தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், ஈகை, பற்றின்மை, பிரமசரியம். முதல் நாள் பொறுமைக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுமை வராமல் மற்ற ஒன்பதும் வராது என்று கண்டவர்கள் வகுத்த வரிசை அது. நோன்பு முடிந்த பின் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். இன்ன தவறுக்கு என்று சொல்லி அல்ல; தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாவற்றுக்கும். மாமனார் மருமகளிடம் கேட்கலாம், முதலாளி வேலைக்காரரிடம் கேட்கலாம். இத்தோடு, அன்றன்று நேர்ந்த பிழைகளை நினைத்துப் பார்த்து வருந்தும் பிரதிக்கிரமணம் என்ற வழக்கமும் உண்டு.

கடல் கடந்து அமெரிக்காவில், 18ஆம் நூற்றாண்டில், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஏறக்குறைய இதையே தானாகச் செய்து பார்த்தார். பதின்மூன்று நற்பண்புகளைக் குறித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கவனம் வைத்தார். ஒரு சிறிய ஏட்டில் கட்டம் போட்டு, தவறிய இடத்திலெல்லாம் கரும்புள்ளி வைத்தார். தான் நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் மிகுதி என்று கண்டு வியந்ததாகவும், அவை குறைவதைக் காணும் நிறைவு கிடைத்ததாகவும் அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பொன்னூர்ப் பக்கத்து நயினாரும் பிலடெல்பியா அச்சுக்காரரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவரும் ஒன்றை அறிந்திருந்தார்கள்: ஒரு நேரத்தில் ஒன்று, மாலையில் ஒரு கணக்கு.

நாவிலிருந்து கைக்கு

எட்டாம் வகுப்பில் நான் குறள் ஒப்பித்தல் போட்டியில் கலந்துகொண்டேன். கள்ளாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் தட்டாமல் சொன்னேன். எவர்சில்வர் டம்ளர் பரிசாகக் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நடத்துநர் வயது கேட்டபோது, பதின்மூன்றைப் பதினொன்று என்று சொல்லி அரை டிக்கெட் வாங்கினேன். மிச்சக் காசுக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன். நடத்துநர் என்னையும் டம்ளரையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பார்வை இன்றும் எனக்குள் இருக்கிறது. பத்துக் குறளும் என் நாவில் இருந்தன. கைக்கு அவை வந்து சேரவில்லை. கொண்டுவந்து சேர்க்க வழி காட்டியவர்களும் அன்று இல்லை.

2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களையும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்கு அரசு பரிசு கொடுக்கிறது. இவை தொடர வேண்டும். மனப்பாடத்தை இகழ்வது நியாயமில்லை. நாவில் இருந்தால்தான் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரும். ஆனால், அதோடு நிறுத்திக்கொள்வது விதைநெல்லைக் குதிரில் பூட்டி வைப்பதற்குச் சமம்.

பள்ளிகளுக்கு ஒரு யோசனை. வாரத்துக்கு ஓர் அதிகாரம். திங்கட்கிழமை அதைப் படிக்கட்டும். அந்த வாரம் முழுவதும் வகுப்பு ஒரே ஒரு சிறிய செயலை எடுத்துக்கொள்ளட்டும். புறங்கூறாமை வாரம் என்றால், அங்கே இல்லாதவரைப் பற்றி ஐந்து நாள் பேசாதிருப்பது. செய்ந்நன்றி அறிதல் வாரம் என்றால், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவரிடம் ஒவ்வொருவரும் ஒருமுறை நேரில் நன்றி சொல்வது. வெள்ளிக்கிழமை மாலை அவரவர் நோட்டில், அவரவர் மட்டும் படிக்க, இரண்டு வரி எழுதுவது. மதிப்பெண் வேண்டாம், மதிப்பெண் வந்தால் அரை டிக்கெட் புத்தியும் கூடவே வந்துவிடும். ஆசிரியரும் எழுத வேண்டும். பெரியவர் நடக்காத பாதையில் பிள்ளைகள் நடப்பதில்லை.

பள்ளியோடு இது முடியக் கூடாது. வீட்டுக்கு வீடு ஓர் அணுவிரதம் போதும். சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுக்காதிருப்பது ஒரு வீட்டின் நோன்பாகலாம். வேலைக்கு வருபவரின் சம்பளத்தை முதல் தேதி தாண்டாமல் கொடுப்பது இன்னொரு வீட்டின் நோன்பாகலாம். வாட்ஸ்அப்பில் வந்ததை உண்மை என்று உறுதி செய்யாமல் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்பது இந்தக் காலத்துப் பொய்யாமை. சிறியதாக இருக்கட்டும், நாள்தோறும் இருக்கட்டும். யாரும் பார்க்காத இடத்திலும் இருக்கட்டும். குறள் பண்புகளுக்கு அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்று உடைமையின் பெயரைக் கொடுத்திருக்கிறது. உடைமை என்றால் சொத்து. வேறெந்தச் சொத்தையும்போல இதுவும் சிறுகச் சிறுகச் சேர்த்தால்தான் சேரும்.

கடைக்காரர் வேறு பாய் எடுத்துத் தந்தும், நான் அந்தத் தளர்ந்த ஓரம் உள்ள பாயையே கேட்டு வாங்கினேன். அவர் விலையைக் குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார். சொன்னதுபோலவே அந்த இடத்தில் கோரை கொஞ்சம் பிரியத் தொடங்கியிருக்கிறது. இரவில் பாயை விரிக்கும்போது கை முதலில் அந்த ஓரத்துக்குத்தான் போகிறது. அந்த ஒரு சாண் நீளத்தைத் தடவிக்கொண்டே, இன்றைக்கு யாரிடம் எதைப் புரட்டிக் காட்டாமல் விட்டேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கணக்கு முடிந்த பிறகுதான் படுக்கிறேன்.